தண்ணி லாரி வந்தால் கேமராவை அணைக்காதீர்கள்: வடசென்னையில் ஒரு வண்ணக் கண்ணாடிக் கலைஞரைப் படமெடுப்பது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து. மாடிப்படி ஏறினால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. பாதி அறையை ஒரு மேசை அடைத்துக்கொண்டிருக்கும், மீதிப் பாதியில் ஒரு குடும்பம் இருக்கும். அந்த மேசையில்தான் ஒருவர் சர்ச் ஜன்னலுக்கும் அண்ணா நகர் பங்களாவின் வாசற்கதவுக்கும் வண்ணக் கண்ணாடி செய்கிறார். அவரைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படம் 27 நிமிஷம் ஓடும். எடுக்க ஒன்றே கால் வருஷம் பிடித்தது. முதல் நாலு மாதம் எடுத்ததில் ஒரு நிமிஷம்கூடத் தேறவில்லை. அந்த நாலு மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் தேறவில்லை? கை, கண்ணாடி, கை, கண்ணாடி என்றே எடுத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் கண்ணாடிக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எங்கே சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், ஆர்டர் கொடுத்தவர் பாக்கி வைத்தால் யாரிடம் கைமாற்று வாங்குகிறார், எதுவும் அதில் இல்லை.

கேமராவை எடுக்கும் முன் தொழிலைப் படியுங்கள்

முதல் இரண்டு வாரம் கேமரா வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் போனால் முக்கியமான கணம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால் வேலை இப்படி. ஜன்னல் எவ்வளவு பெரிதோ அதே அளவுக்குக் காகிதத்தில் படம் வரைகிறார். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போடுகிறார். காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அதைக் கண்ணாடி மேல் வைத்து, கண்ணாடியை அறுக்கிறார். அறுப்பது என்று வாய்வழக்கில் சொன்னாலும் உண்மையில் அது அறுப்பு இல்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த சிறு சக்கரத்தால் ஒரு கீறல் போட்டு, அந்தக் கோட்டோடு உடைக்கிறார். கண்ணாடிக்காரர்கள் அந்தக் கருவியை இன்றும் 'டைமண்ட்' என்பார்கள், முனையில் வைரம் இல்லாவிட்டாலும். உடைத்த துண்டுகளை ஈயப்பட்டைக்குள் செருகுகிறார். பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும், பள்ளத்துக்கு ஒன்றாகக் கண்ணாடி உட்காரும். பட்டைகள் கூடும் இடங்களில் சால்டரிங். பிறகு சாக்குக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் புகைக்கரியும் கலந்த மக்கை இடுக்குகளில் தேய்த்து அடைக்கிறார். அதற்கு அப்புறம்தான் பேனல் விறைத்து நிற்கும், மழைத்தண்ணீர் புகாது.

முகம், துணி மடிப்பு, எழுத்து போன்றவை வேண்டுமென்றால் உலோக ஆக்சைடும் கண்ணாடித்தூளும் கலந்த சாயத்தால் வரைந்து சூளையில் சுட வேண்டும். நிறம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கோபால்ட் கலந்தால் நீலம், தங்கம் கலந்தால் ஒரு வகைச் சிவப்பு. வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் மஞ்சள் ஏறும். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அந்த மஞ்சள் புழக்கத்தில் இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கடையில் 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்று விற்பதில் பாதி, சாதாரணக் கண்ணாடி மேல் ஒட்டிய பிலிம், இல்லாவிட்டால் டியூபிலிருந்து பிதுக்கிய பெயிண்ட். அதைச் செய்பவரையும் படமெடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடி உண்மையில் ஒரு திரவம், பழைய ஜன்னல்களில் அது மெல்லக் கீழே வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள், கேட்க அழகாக இருக்கும். தயவுசெய்து அதை வர்ணனையில் வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டைச் செய்த முறையிலேயே தடிமன் ஏறுக்குமாறாக வரும், அவ்வளவுதான்.

நோட்டில் வரிசை வந்ததும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். திரும்பத் திரும்ப நடப்பதற்கு ஒரு வட்டம். கீறுவது, உடைப்பது, சால்டர் வைப்பதெல்லாம் இதில் வரும். ஒரே தடவை நடப்பதற்கு ஒரு பெருக்கல் குறி. பேனலைப் புரட்டிப் போடுவது, வண்டியில் ஏற்றுவது, ஜன்னலில் பொருத்துவது. வட்டம் போட்டவற்றை நிதானமாக, ஒரு நாளைக்கு ஒரு கோணம் என்று எடுக்கலாம். பெருக்கல் குறி வரும் நாளில் நண்பர் ஒருவரை இன்னொரு போனோடு அழைத்துப் போங்கள். என் நோட்டில் மிகவும் உதவிய பக்கம் இதுதான்.

ஆளும் காகிதமும்

வண்ணக் கண்ணாடி செய்கிறவரை எங்கே தேடுவது? பூங்கா நகரில் தேவராஜ முதலி தெருவின் கண்ணாடிக்கடைகளில் கேளுங்கள். கலர் ஷீட் வாங்க வருகிறவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும். இல்லையென்றால் சமீபத்தில் ஜன்னல் பழுதுபார்த்த ஏதாவது சர்ச்சில் கேளுங்கள். எனக்கு வழி சொன்னவர் ஒரு கோயில்பிள்ளை, அதாவது சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்.

அனுமதிக் கடிதம் கட்டாயம். தமிழில், ஒரே பக்கத்தில், படத்தை எங்கெல்லாம் காட்டுவீர்கள், அவருக்குப் பணம் உண்டா இல்லையா, வீட்டில் யார் யாரை எடுக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை நீங்களே உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். புருஷன் தலையாட்டிவிட்டதால் அவரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவருடைய சமையலறையும்தான். எடுக்கும்போது போதும் என்று யார் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்துவேன் என்றும் ஒரு வரி இருக்கட்டும். ஆர்டர் கொடுத்தவரின் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமென்றால் அவரிடமும் ஒரு கடிதம்.

பணம் பற்றி ஊருக்கு ஊர் ஒரு நியாயம் சொல்வார்கள். என் கட்சி இது: பேசுவதற்குக் காசு கொடுக்காதீர்கள், உங்களால் வீணாகும் பொருளுக்குக் கொடுங்கள். "அண்ணே, இன்னொரு தடவ உடைங்களேன், கேமரால சரியா விழல" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்துக் கீறி உடைத்தார். வெளியூரிலிருந்து வந்த சிவப்பு ஷீட்டின் கடைசித் துண்டு அது என்று அப்புறம் அண்ணிதான் சொன்னார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

தெருவில் போன் வைத்து எடுப்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். முக்காலியை விரித்தால் கூட்டம் கூடும், பின்னாலேயே கேள்வியும் வரும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம், துறைமுகம், நீதிமன்றம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை என்று பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிற பகுதி இது, ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ட்ரோன் ஷாட் இல்லாததால் ஒரு படமும் கெட்டுப்போனதில்லை.

கருவி

போன் போதும். காசு இருந்தால் கேமராவை விட மைக்கில் போடுங்கள். ரிச்சி தெருவில் ஒரு நல்ல காலர் மைக்கும் சின்ன முக்காலியும் வாங்கிவிடலாம். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துப் பூட்டிவிடுங்கள். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் எல்இடியும் படத்தில் மினுக்காமல் இருக்க இதுதான் வழி. விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி போகும், கணக்குப் போட்டு ஹார்டுடிஸ்க் வாங்குங்கள். இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

வெளிச்சம்

மற்ற கைத்தொழில்களைப் படமெடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மண்பானையின் முன்னால் விளக்கை வைத்தால் பானை தெரியும். வண்ணக் கண்ணாடியின் முன்னால் விளக்கை வைத்தால் கறுப்புத் தகடு தெரியும், அதில் உங்கள் முகமும் தெரியும். வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். ராத்திரி அறைக்குள் நின்று பார்த்தால் ஜன்னலில் வைத்த பேனல் செத்துக் கிடக்கும். அதே நேரம் தெருவில் நின்று பார்த்தால் உள்ளே எரியும் டியூப்லைட்டில் ஜொலிக்கும். இது தெரியாமல் ஒரு வாரம் ராத்திரி உள்ளேயே உட்கார்ந்து எடுத்திருக்கிறேன். கீழே கேரம் ஆடும் பையன்களுக்கு அது எப்போதோ தெரியும். போர்டுக்கு மேலே விழுகிற நீல வெளிச்சத்தைக் காட்டி ஒருவன்தான் சொன்னான், "இன்னா ணா, மேல குந்திக்கினு இன்னா எடுக்கற, கீழ வந்து பாரு."

நம் கடற்கரை கிழக்கே இருக்கிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல் என்றால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் சூரியன் நேராக உள்ளே வந்து தரையில், சுவரில், தூங்குகிற பிள்ளையின் காலில் நிறத்தைக் கொட்டும். நிறம் நகர்வதை எடுக்க அதுதான் நேரம். முழுப் பேனலையும் ஒரே சீராகக் காட்ட வேண்டுமென்றால் நேர் வெயில் ஆகாது, ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் இருண்டு போகும். அதற்கு மேகம் மூடிய வானம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும்போது வானம் முழுவதும் வெள்ளைத் துணி கட்டினாற்போல் இருக்கும். என் படத்தில் இருக்கிற நல்ல பேனல் ஷாட் நாலும் அந்த நாட்களில் எடுத்தவை. உச்சி வெயிலில் போய்ச் சாப்பிடுங்கள்.

போனைத் தானியங்கியில் விடாதீர்கள். கண்ணாடியின் மிக வெளிச்சமான துண்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். நிறம் வெளுத்துவிட்டால் எடிட்டில் மீட்க முடியாது. பூட்டினால் கலைஞரின் முகம் இருட்டாகிவிடும். அதற்கு ஒரு தெர்மாகோல் பலகையை அவருக்கு எதிரே சாய்த்து வையுங்கள், ஜன்னல் வெளிச்சமே திரும்பி வந்து முகத்தில் விழும். ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புத் துண்டு சட்டத்துக்குள் வரும்போதெல்லாம் போன் தானாகவே நிறத்தைத் திருத்தும், அவர் ஒரு வாரம் யோசித்துத் தேர்ந்த சிவப்பு செங்கல் நிறமாகப் போய்விடும். ஒரு தடவை அப்படி எடுத்ததைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சது?" என்றார்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் விழும்.

வேலை நிற்கும் நேரம்

ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் ஒரு வளைவான துண்டுக்குக் கீறல் போட்டுக்கொண்டிருந்தார். மயில் கழுத்து. டைமண்ட் போகும்போது பட்டுத்துணியைக் கிழிப்பது போல் ஒரு சத்தம் வரும், சீராக வந்தால் கீறல் நன்றாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சீராகவே வந்தது. கோட்டின் கடைசிக்கு வந்து, இரண்டு கையிலும் கண்ணாடியைப் பிடித்து, கட்டைவிரல்களைக் கோட்டின் இரு பக்கமும் வைத்தார். கீழே தண்ணி லாரி ஹாரன்.

கண்ணாடியை மேசையில் வைத்தார். கைகழுவிவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து நாலு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் என்ன செய்தேன்? "சரி, வேலை நின்றுவிட்டது" என்று கேமராவை அணைத்துவிட்டுப் பேட்டரி மாற்றினேன்.

கீறல் போட்டால் உடனே உடைத்துவிட வேண்டும், விட்டால் கோடு ஆறிவிடும் என்பது தொழில்காரர் பேச்சு. முக்கால் மணி கழித்து மூச்சுவாங்க ஏறி வந்தவர், கையைத் துடைத்துவிட்டு அதே துண்டை எடுத்து ஒடித்தார். விரிசல் கழுத்தின் பாதியிலேயே கோட்டை விட்டுத் திரும்பி ஓடிவிட்டது. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இன்னிக்கு கொடம் ஒண்ணு ஜாஸ்தி கெடச்சிது" என்றார்.

கேமரா அணைந்திருந்தது. ஹாரனும் இல்லை, குடமும் இல்லை, உடைந்த கழுத்தும் இல்லை, அந்த வசனமும் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் எழுந்து போகும்போது கேமராவை ஓடவிடுங்கள். காலி நாற்காலி ஓடட்டும். முடிந்தால் கூடவே இறங்கிப் போங்கள், நீங்களும் ஒரு குடம் தூக்குங்கள், போனை இன்னொருவரிடம் கொடுங்கள். அடுத்த லாரிக்கு நான் அப்படித்தான் செய்தேன். கீழ்வீட்டுப் பாட்டி படியில் உட்கார்ந்து சிரித்தது: "இன்னா தம்பி, ஒண்ணும் நடக்கல, இதப் போயி எடுத்துனு கீற?" பாட்டியின் அந்தக் குரல் படத்தில் இருக்கிறது.

வேலையும் வீடும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். எனக்குக் கிடைத்த சிறந்த காட்சி பேனலைப் புரட்டுவது. ஒரு பக்கம் சால்டர் முடிந்ததும் மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டும். மக்கு அடைக்காத பேனல் துவண்டு கிடக்கும், ஒரு மூலையைத் தூக்கினால் நடுவில் வளைந்து கண்ணாடி விட்டுப் போகும். இரண்டு ஆள் வேண்டும், அந்த வீட்டில் இரண்டாவது ஆள் அண்ணிதான். அடுப்பில் தோசை ஊற்றியிருந்தவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் பேசவில்லை. பேனலை மேசை விளிம்பு வரை இழுத்து, பாதி வெளியே வந்ததும் கதவு போல் செங்குத்தாக நிமிர்த்தினார்கள். ஒரு கணம் இரண்டு பேர் முகமும் அதற்குப் பின்னால் நீலமும் பச்சையுமாக நின்றது. அடுத்த கணம் மறுபக்கமாகப் படுக்க வைத்தாயிற்று. "தோச போச்சு" என்றபடி அண்ணி உள்ளே போனார். மொத்தம் பதினொரு விநாடி. நோட்டில் பெருக்கல் குறி போட்டு வைத்ததால் அன்றைக்கு இரண்டு போன் இருந்தது.

மக்கு காய்வதற்குச் சில நாள் பேனல் படுத்தே கிடக்க வேண்டும். அந்த வீட்டில் அதற்கு இருக்கிற ஒரே இடம் கட்டிலுக்கு அடியில். செய்தித்தாள் சுற்றித் தள்ளிவிட்டு, மேலே படுத்துத் தூங்குகிறார்கள். இதை ஒரு வரியும் சொல்லாமல் காட்டினேன்.

ஈயம் பற்றி இங்கே ஒன்று. அது கைவழியாக வாய்க்குப் போனால் உடம்பில் சேரும், குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். முதல் நாள் டீ டம்ளரை மேசை மேல் வைத்தேன். "தம்பி, அத எடு மொதல்ல. இங்க வெச்சத வாயில வெக்காத" என்று அதட்டினார். மேசையைச் சுற்றி அவர் பிளாஸ்டிக் திரை கட்டியிருப்பார், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பார், பிள்ளையை உள்ளே விடமாட்டார். நீங்களும் அந்த ஒழுங்கை மீறாதீர்கள், வீட்டுக்குப் போனதும் கைகழுவுங்கள். இந்தத் திரையும் துணியும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். தெரியாமல் விட்டால், ஒற்றை அறையில் ஈயமும் பிள்ளையும் என்று பார்க்கிறவர்கள் அவரைத் தூற்றியிருப்பார்கள். அவர் வீட்டை எடுக்கும்போது அந்தப் பொறுப்பும் நம்மோடு வருகிறது.

சத்தமும் பேச்சும்

வடசென்னையில் அமைதி கிடைக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி, ஒரு பக்கம் பாங்கு, ஒரு பக்கம் சர்ச் மணி. அதை ஒழிக்கப் பார்க்காதீர்கள், அளந்து வாங்குங்கள். மைக் வாய்க்கு அருகே இருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும், தெரு அதற்கடியில் ஓடும். வியர்வையில் காலர் மைக் வழுக்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பால் ஒட்டுங்கள். மின்விசிறியைப் பத்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்தச் சொல்லாதீர்கள், மனுஷர் வெந்துபோவார். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொண்டால் எடிட்டில் ஒட்டுப்போட உதவும்.

ஆடி மாதம் ஒரு தனிக் கதை. தெருவுக்கு ஓர் அம்மன், கம்பத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர். பின்னணியில் சினிமாப் பாட்டோ ஆல்பம் பாட்டோ ஓடினால் நீங்கள் இணையத்தில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினை வரும். அருமையான பேட்டி ஒன்றை அப்படி இழந்தேன். கூழ் ஊற்றும் வாரங்களில் படம் மட்டும் எடுங்கள், பேச்சை ஆவணிக்குத் தள்ளிப் போடுங்கள்.

பேட்டிக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் எல்லாரும் சுதந்திர தினச் சொற்பொழிவு செய்வார்கள். கை வேலையில் இருக்கும்போது கேளுங்கள். "இந்தக் கலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்த மஞ்சத் துண்டு எங்க வாங்கினது?" என்று கேளுங்கள், அதிலிருந்து மாமனார் வரைக்கும் பேச்சு போகும். சால்டர் வைக்கும்போது மட்டும் வாயைத் திறக்காதீர்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், சால்டர் கம்பி 190 டிகிரி வாக்கில். சூடான சால்டரிங் இரும்பு ஒரு கணம் கூடுதலாக நின்றால் சால்டரோடு பட்டையும் உருகிவிடும்.

ஊரைக் காட்டுவது

வடசென்னை என்றதும் பார்க்கிறவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடும். அரிவாள், குத்துச்சண்டை, பழுப்பேறிய கலர். நீங்கள் அதைக் கூட்டவும் வேண்டாம், அதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம். உங்கள் ஆள் தினமும் போகிற இடத்துக்கு மட்டும் போங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், 1856-இல் திறந்தது என்பதற்காக ராயபுரம் ஸ்டேஷனை வெளியே நின்று ஒரு காலை முழுக்க எடுத்தேன். அண்ணன் அங்கே ஏறியதே இல்லை. எடிட்டில் அது தானாகவே விழுந்துவிட்டது.

எடுக்க முடியாத இடத்தையும் படத்துக்குள் கொண்டுவரலாம். 1892-இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றக் கட்டடத்தில் வண்ணக் கண்ணாடிகள் உண்டு. சிறுவயதில் அப்பாவோடு ஒரு வழக்குக்காகப் போய், வாய்தா வாய்தாவாகக் காத்திருந்தபோது அண்ணாந்து பார்த்ததுதான் தனக்கு முதல் பாடம் என்றார். உள்ளே கேமரா கொண்டுபோக எனக்கு வழியில்லை. அவர் அதைச் சொல்லும் குரலை வைத்து, அதன் மேல் மேசையில் துண்டுகளை ஒன்றொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் அவருடைய கையைப் போட்டேன். நீதிமன்றத்தைக் காட்டியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

எடிட்

எடுத்த அன்றைக்கே பார்த்து, ஒரு வரியில் எழுதி வையுங்கள். "லாரி, பாட்டி சிரிப்பு, 14வது நிமிஷம்" என்கிற மாதிரி. இதைத் தள்ளிப்போட்டால் 38 மணி நேரப் பதிவின் முன்னால் உட்கார்ந்து அழுவீர்கள், நான் அழுதேன்.

முதுகெலும்பாக ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் முதல் கோட்டிலிருந்து ஜன்னலில் பொருத்தும் வரை. மற்றதெல்லாம் அதில் தொங்கட்டும். காட்சிக்கு ஒரு சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டி, மாற்றி மாற்றி வையுங்கள். நான் வேலைச் சீட்டை மஞ்சளிலும் வீட்டுச் சீட்டை வெள்ளையிலும் எழுதினேன். தொடர்ந்து மூன்று மஞ்சள் வந்தால் அங்கே தூக்கம் வரும்.

வர்ணனைக் குரல் தேவையா? என் படத்தில் முதலில் இருந்தது. என் குரலையே கேட்கச் சகிக்காமல் எடுத்துவிட்டேன், படம் மூச்சுவிட ஆரம்பித்தது. சப்டைட்டில் போடும்போது அவர்கள் பேச்சைப் புத்தகத் தமிழாக்காதீர்கள். 'கீது' என்றால் 'கீது'தான்.

காட்டுவது

தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்ட 1952-ஆம் வருஷத்துச் சினிமா சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கு விலக்கு வாங்கும் வேலையை விழா நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் ஆவணப்படத்துக்கென்றே அரசு விழாக்கள் நடக்கின்றன, அனுப்புங்கள். ஆனால் வேறு யாருக்கும் காட்டும் முன், எடிட்டைப் பூட்டும் முன், அவருக்குக் காட்டுங்கள். வீட்டில் உள்ளவர்கள் எதையாவது எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

நான் மொட்டைமாடியில் கொடியில் வேட்டி கட்டி, வாடகைப் புரொஜெக்டர் வைத்துக் காட்டினேன். கேரம் பையன்கள், பாட்டி, எதிர்வீட்டார் என்று முப்பது பேர். பாட்டி தன் குரல் வந்த இடத்தில் இன்னொரு தடவை போடச் சொன்னது. அண்ணன் கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகு, வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த மயிலு, ரெண்டாவது தபா ஒடைக்கும்போது வர்ற சத்தம் எங்கேர்ந்து எடுத்த?"

அந்த இடத்தில் லாரி ஹாரன் விழுந்திருந்ததால், வேறொரு நாள் பதிவிலிருந்து உடைக்கிற சத்தத்தை எடுத்து ஒட்டியிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

"அது ஆறு எம்எம் சத்தம்" என்றார். "இது மூணு எம்எம்."

மறுநாள் பழைய ஒலியையே திருப்பிப் போட்டேன், ஹாரனோடு.